நாலு வெள்ளம் பார்த்தவர்

என் அக்கா புருஷனை எல்லோரும் ஷட்டர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏரி மதகின் இரும்பு ஷட்டரை ஏற்றி இறக்கும் வேலை, இருபத்தெட்டு வருடமாக. தண்ணீர் எந்தக் கோட்டைத் தொட்டால் கைப்பிடியை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் ஊர்த் தலைவர் வாய்திறந்து சொல்லாமல் கைப்பிடியைத் தொடக் கூடாது என்பது விதி. மாமா விதியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்.

தேர்தல் வந்தது. ஐந்து முறை தலைவராக இருந்தவரை எதிர்த்துத் தையல்கார அம்மா ஒருவர் நின்றார். பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த கூட்டத்தில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"இத்தனை வருஷத்துல நீங்க எடுத்த முடிவுல எது தப்பாப் போச்சு? அப்புறம் எதை மாத்திக்கிட்டீங்க?"

தலைவர் சிரித்தார். "ஒண்ணுகூடத் தப்பானதில்லைம்மா. நாலு வெள்ளம் பாத்தவன் நான்."

மாமா கைதட்டினார். நானும்தான் தட்டினேன், மறைப்பானேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா துணி மடித்தபடி சொன்னாள். "தப்பே பண்ணாதவர் என்னத்தைங்க கத்துக்கிட்டிருப்பார்? எனக்கென்னவோ அந்தம்மாவுக்குப் போடலாம்னு தோணுது."

"மெஷின் மிதிக்கிறவ கையில ஏரியைக் குடுக்கச் சொல்றியா? அனுபவம்னு ஒண்ணு வேணாமா?" மாமா எரிந்து விழுந்தார்.

அக்கா அதோடு பேச்சை விட்டுவிட்டாள். மாமா சொன்னவருக்கே ஓட்டுப் போட்டாள். வெளியே வந்து, "இப்ப நிம்மதியா?" என்று கேட்டாள். மாமா சிரித்தார். தலைவரே ஆறாவது முறையும் ஜெயித்தார்.

நாலு மாதம் கழித்து மூன்று நாள் விடாமல் மழை. மாமாவுக்கு மாற்றுச் சட்டை கொடுக்க நான் ஷட்டர் அறைக்குப் போனபோது காலை பத்து மணி. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. மாமா தலைவருக்குப் போன் போட்டார்.

"அவசரப்படாதே. போன தடவையும் இப்படித்தான் பயமுறுத்துச்சு. தானா வடிஞ்சிடும்" என்றார் தலைவர்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி போன். மறுபடி அதே பதில். மாமாவின் கை கைப்பிடி மேல்தான் இருந்தது, நான் பார்த்தேன்.

"உங்களுக்கே தெரியுதில்ல மாமா, திறந்துடுங்க."

"நாலு வெள்ளம் பாத்தவர் சொல்றார் மாப்ளே."

இரண்டரைக்குக் கரை உடைந்தது. கரைக்குக் கீழே முதல் தெரு எங்கள் தெரு. அக்கா மூன்றாம் நாள்தான் கிடைத்தாள்.

துக்கம் விசாரிக்க வந்த தலைவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் அனுபவத்துலயே இப்படி ஒரு வெள்ளத்தைப் பாத்ததில்லைப்பா." எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. மாமா தலையாட்டினார்.

அடுத்த தேர்தலுக்கு எங்கள் வீட்டில் மிஞ்சிய சுவரிலேயே போஸ்டர் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். 'ஐந்து வெள்ளம் கண்டவர்.'

மாமா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அன்னைக்கு ஓட்டுப் போட்டுட்டு வந்து உங்க அக்கா என்னமோ கேட்டாளே, என்ன மாப்ளே அது?"

அவருக்கு மறக்கவில்லை. என் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சொல்லாமல் விட எனக்கும் மனசு வரவில்லை.

"நிம்மதியான்னு கேட்டா, மாமா."