வரிச் சட்டத்தரணி கேட்ட கேள்வி

கல்முனையில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் ஒன்பது வருடம் இருந்தவன் நான். யாராவது அன்பாகப் பேசினால் முதலில் அவருடைய முகத்தைப் பார்ப்பேன், பிறகு காரணத்தைத் தேடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்போது, ஊரில் பேர்போன வரிச் சட்டத்தரணி ஒருவர் என் தோளில் கை போட்டார். சலாம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுகிற மனிதர்.

"தம்பி, கணக்காய்வ உட்டுப்போட்டு நம்மட பக்கம் வாங்க. சட்டக் கல்லூரிப் பரீட்சையும் எழுதுங்க. படிக்கிற காலத்திலயும் சம்பளம் தருவன்."

எதற்கு இந்தக் குழைவு? போகும்போது இன்னொன்றும் கேட்டார்.

"ஒங்களுக்கு எத்தின பொம்புளப் புள்ள?"

"ரெண்டு."

"ம்" என்றுவிட்டுப் போனார். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவேயில்லை.

எங்கள் ஊர்களில் பெண் பிள்ளை என்றால் வீடு. தகப்பன் கட்டி அவள் பேரில் எழுத வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். நானும் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். எங்களிடம் கணக்குக் காட்ட வருகிற அரிசி ஆலைக்காரர்கள் மகள்மாருக்குக் கட்டிய வீடுகளின் விபரங்களெல்லாம் என் கையால் போனவை. அவற்றை என்னிடமிருந்து கறந்துவிட்டால், வரியைச் சொல்லி ஆலைக்காரர்களை ஒவ்வொருவராகப் பயமுறுத்தித் தன் பக்கம் இழுக்கலாம். பெண் பிள்ளைப் பேச்சை எடுத்தது அதற்குத்தான் என்று முடிவு கட்டினேன்.

ஆசை இல்லாமலில்லை. கணக்காய்வில் பிழை பிடிப்பதோடு நம் வேலை முடிந்தது. வரிச் சட்டத்திலோ ஒரு மனிதனுக்காக எழுந்து நின்று வாதாடலாம். சம்பளமும் கூடுதல். மூத்தவள் வளர்ந்துவிட்டாள், நான் இன்னும் அத்திவாரம்கூடப் போடவில்லை.

"ஒரு மனுசன் புள்ளைகள விசாரிச்சா, அதுக்குமா சந்தேகம்?" என்றாள் மனைவி. அவளுக்கு உலகம் தெரியாது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் மனம் ஊசலாடியது. மூன்றாம் நாள் அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "எங்கள் வாடிக்கையாளர்களின் இரகசியம் விலைக்கு இல்லை. அதற்கு வேறு ஆளைப் பாருங்கள்." அனுப்பியதும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மறுநாள், நல்ல பேர் வாங்கலாம் என்று எங்கள் அலுவலக முதலாளியான சேரின் அறைக்குள் போனேன். "சேர், அந்த வரிச் சட்டத்தரணி என்னக் கூப்பிட்டார்" என்று தொடங்கினேன். அவர் முகம் மலர்ந்தது.

"கேட்டுட்டாரா? நான்தான் கேக்கச் சொன்ன. எனக்கு இனி ஏலாது தம்பி, இந்த வருசத்தோட ஆபீஸ மூடப் போறன். ஆளுக்குப் பொம்புளப் புள்ளைகள் இருக்கு, ஊடு கட்டோணும், எத்தின எண்டு கேட்டு அதப் பாத்துச் சம்பளத்தப் போடுங்க எண்டும் சொன்னன். ஓம் எண்டீங்கதானே?"

நான் குனிந்து தரையைப் பார்த்தேன். வெட்கத்தில் நிற்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "அப்ப நானே கேக்கிறன்" என்று சிரித்தபடி சட்டத்தரணியைக் கைபேசியில் அழைத்தார். மறுபக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

"அவர் எழுதினத அனுப்புறன். நீங்களே வாசிச்சுப் பாருங்க."

சேர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிரிப்பு மாறாமலே, வாசிக்கத் தொடங்கினார்.