அறை மாற்றக் கேட்ட காரணம்

சித்தியிடம் ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை அவள் அப்பா படிப்பை நிறுத்திக் காரில் ஏற்றிக்கொண்டு போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் சித்தி வீட்டில் வந்து இறங்கியதும் அன்றுதான்.

சித்தி பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான மனநல ஆலோசகர். மாணவர்கள் சொல்வதைப் பற்றி எங்களிடம்கூட மூச்சு விடமாட்டாள்; அன்று மட்டும் தாங்காமல் சொன்னாள். தூக்கமில்லாமல் தவித்த அந்தப் பெண்ணுக்கு அமைதியான அறை வேண்டுமென்று விடுதி வார்டனிடம் கேட்டிருக்கிறாள். காரணம் தெரியாமல் அவர் அறை மாற்றித் தரமாட்டாராம். பெண் தூக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாள் என்று சித்தி சொல்லிவிட்டாள். அவர் உடனே அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

சித்தி சண்டைக்குப் போனாள். வார்டன் அசரவில்லை.

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பேப்பர்ல யார் பேரு வரும், உங்க பேரா? போங்க மேடம், அடுத்த புள்ள அழ வந்திருக்கும்."

நானும் விடவில்லை. "அந்தாளுகிட்டப் போய் எதுக்கு சித்தி வாயத் தொறந்த?"

"ஊர் சுத்திட்டு வந்தவ எனக்கு வேலை சொல்லித் தராத."

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு சித்தி அன்றே செய்தி அனுப்பினாள். இரண்டு வருஷம் கழித்துப் பதில் வந்தது. போனை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

"வேற காலேஜ்ல சேர்ந்துட்டேன் மேடம். இங்கயும் உங்கள மாதிரி ஒருத்தங்க இருக்காங்க. எப்படி இருக்கேன்னு கேட்டாங்க. நல்லா தூங்குறேன்னு சொல்லிட்டேன்."