பிரான்சிஸ் அண்ணன் கையை எடுத்த பாட்டு

மாரண்டஹள்ளியில் என் தையல் கடையைத் திறந்து முதல் துணியை மிஷினில் வைத்தபோது, எங்கள் இன்னிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் முருகேசன் போனில் கூப்பிட்டார். “சாந்திக்கா, பிரான்சிஸ் அண்ணன் போயிட்டாருங்க. காத்தால நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள...” கடையைப் பூட்டினேனா என்ற சந்தேகம் பாலக்கோடு தாண்டியும் தீரவில்லை. இடம் கிடைத்தும் உட்கார முடியாமல், அவர் ஊரான பாப்பாரப்பட்டி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

அவரோடு மேடை ஏறிய இசைக்கார நண்பர்களே, உங்களுக்குத் தெரியும், அவரும் உட்காராத மனிதர். கிட்டார் வாசிப்பார், எங்கள் மைக்குகளையும் அவரே பார்த்துக்கொள்வார். கல்யாண மண்டபத்தில் மிக்சரில் ஒரு குமிழைத் திருகிவிட்டுப் பந்தி நடக்கும் இடம் வரை ஓடிப்போய்க் கேட்பார். திரும்பி வந்து மயிரிழை குறைப்பார். “கடைசி சேர்ல ஒக்காந்திருக்கறவருக்கும் காது இருக்குதுங்க” என்பார்.

கழுத்தில் ஆபரேஷன் ஆனபின் என் குரல் மெலிந்து, பாதி காற்றாகிவிட்டது. வேறு பாடகியைப் பார்த்துக்கொள்வதாகக் குழு நடத்துபவர் முடிவே செய்துவிட்டார். “ஒரு தடவ பாடட்டுங்க, அப்புறம் பேசிக்கலாம்” என்று பிரான்சிஸ் அண்ணன் தடுத்தார். தன் கிட்டாருக்குப் போடும் கோரஸ் எஃபெக்டை என் மைக்குக்குக் கொடுத்தார். ஒரே குரலை இரண்டு மூன்று பேர் சேர்ந்து பாடுவதுபோல் காட்டும் கருவி அது. வேகம், ஆழம், கலவை என மூன்று குமிழ்கள். முதலில் குழாயடியில் நாலு பேர் ஒன்றாகப் பேசுவதுபோல் கேட்டது. வேகத்தைக் குறைத்தார், நடுக்கம் அடங்கியது. ஆழத்தைக் குறைத்தார், சுருதி ஆடாமல் நின்றது. கலவையை மெல்ல ஏற்றினார். ஸ்பீக்கரிலிருந்து பழைய சாந்தி பாடினாள். குழுவில் என் இடம் தப்பியது.

அவருக்கு மட்டும் திருப்தியில்லை. நான் பாடும்போதெல்லாம் கிட்டாரைத் தொங்கவிட்டுக் கலவைக் குமிழிலேயே கையை வைத்திருந்தார். பாலக்கோட்டில் ஒரு வரவேற்பில் என் குரல் சட்டென்று ஒல்லியானது. ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினேன். தலையாட்டி மறுத்துவிட்டார்.

இறங்கியதும் கேட்டேன். “என்னைக் கவுத்துடப் பாக்கறீங்களாண்ணா?”

“கீழ பாடறப்ப உங்க தொண்டை திரும்பி வந்துடுச்சுங்க. வந்ததை எதுக்கு மூடறது? மேல போறப்ப மட்டுந்தான் போட்டு வுடறேன்.”

அந்தக் கை ஏன் அசைந்துகொண்டே இருந்தது என்று அன்றுதான் புரிந்தது. வரிக்கு வரி என் குரல் எங்கே தேறியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறார். புரிந்தும் எனக்கு நிம்மதி வரவில்லை. பாடும்போது முன்னால் இருக்கும் கூட்டத்தை விட்டுவிட்டு அவர் விரலையே பார்த்தேன்.

சென்ற மாதம் மாரண்டஹள்ளியில் ஒரு நிச்சயதார்த்தம். மேல் ஸ்தாயி வரும் நேரத்தில் திரும்பினேன். கலவைக் குமிழை முழுக்க இறக்கிவிட்டு, அவர் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். நிறுத்த வழியில்லை, பாடினேன். உச்சியில் குரல் லேசாகக் கீறியது. யாரும் எழுந்து போகவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா மடியில் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

“கீறிடுச்சேண்ணா” என்றேன்.

“கீறட்டும். அது உங்க குரலுங்க.”

அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை இது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவர் இடத்தில் இப்போது வேறொருவர் நிற்கிறார். போன வாரம், “கோரஸ் எவ்வளவு வைக்கட்டுங்கக்கா?” என்று கேட்டார். “மொதல்ல ஒண்ணும் போடாம கேளுங்க” என்றேன். பிரான்சிஸ் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: எதுவும் பூசாத என் குரலை முதலில் நானே கேட்டுவிடுவது. கேட்கும்போது இன்னமும் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.