முதுகுப் பக்கத்துச் சூரியன்

ரயில் வராவிட்டாலும் யோகமலர் தண்டவாளத்துக்கு முன்னால் ஒரு தடவை நின்று, இரண்டு பக்கமும் கையைக் காட்டி, "லைனில நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் கடப்பார். யாருக்குச் சொல்கிறார் என்று கேட்டுப் பயனில்லை. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியின் சுவிட்ச்போர்டில் இளமை முழுவதும் உட்கார்ந்திருந்தவர். எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தக் கப்டன் பேசினாலும் முதலில் இந்தக் குரலைக் கேட்டு, இவர் விடும்வரை காத்திருக்க வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் அந்த வசனம் ஓய்வு பெறவில்லை. மீன்காரருக்கும் அதுதான், மருந்துக்கடைப் பிள்ளைக்கும் அதுதான், அடுப்பில் பொங்க வரும் பாலுக்கும் அதுதான்.

மெல்பனிலிருந்து மகன் அனுப்பிய செம்மஞ்சள் சப்பாத்து, பருத்திச் சேலை, காதை மூடிக் கட்டிய சால்வை. இந்தக் கோலத்தில் விடிகாலையில் வெள்ளவத்தைக் கரையில் நிற்பவர் அவர் ஒருவர்தான். மெரைன் டிரைவில் நடக்க வருகிற எல்லோருக்கும் 'மலர் அன்ரி'. தினமும் சூரிய உதயத்தைப் படம் எடுக்கிற அன்ரி.

விசித்திரம் என்னவென்றால், அவர் நிற்பது சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கொழும்பில் சூரியன் கடலுக்குள் இறங்குமே தவிர, கடலிலிருந்து ஏறாது. காலையில் அது காலி வீதிக்கும் அப்பால் எங்கோ கிளம்பி, தொடர்மாடிகளின் பின்பக்கத்தால் தண்ணீர்த் தாங்கி வரைக்கும் ஏறி வரவேண்டும். அதைப் பார்க்க யாரும் கடற்கரைக்கு வருவதில்லை. மாலையில் கற்களின்மேல் இடம் பிடிக்க முடியாத கரை, காலையில் காகங்களுக்கும் யோகமலருக்கும்தான்.

புதிதாக ஓட வருகிற இளைஞர்கள் இரக்கப்பட்டு நின்று, "அன்ரி, சூரியன் மற்றப் பக்கம்" என்பார்கள். அவர் திரும்பாமலே, "தெரியும் தம்பி. அவர் அந்த பிளட்ஸ் எல்லாம் ஏறி வரவேணும். லிப்ட் வேலை செய்யேல்லப் போல" என்பார்.

அவர் பார்ப்பது வேறொன்றை. கரை முழுவதும் தொடர்மாடிகளின் நிழலுக்குள் கிடக்கும்போதே, வெகு தூரத்தில், துறைமுகத்தில் இடம் கிடைக்கக் காத்து நிற்கும் கப்பல்களின்மேல் வெளிச்சம் விழுந்துவிடும். முதலில் புகைபோக்கி. பிறகு வெள்ளை அறைகள். பிறகு அடுக்கிய பெட்டிகளின் சிவப்பும் பச்சையும். அங்கிருந்து அந்த வெளிச்சம் தண்ணீரின்மேல் கரையை நோக்கி நடந்து வரும். மற்ற ஊர்களில் விடியல் தரையிலிருந்து கடலுக்குப் போகுமோ, கடலிலிருந்து தரைக்கு வருமோ, அவருக்குத் தெரியாது. இங்கே அது கப்பல் கப்பலாக இறங்கி வருகிறது. கடைசி அலை நிறம் மாறும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துவார். ஒரு நொடி பிந்தினால் அவருடைய நிழலே நீண்டு படத்துக்குள் விழுந்துவிடும். நிழல் விழுந்த படத்தை அவர் வைத்திருப்பதில்லை. காகம் விழுந்தால் பரவாயில்லை.

எடுத்த படம் உடனே மெல்பனுக்குப் போகும். கீழே ஒரே ஒரு சொல்: 'எழும்பிட்டன்'.

அது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதை அவருடைய சிநேகிதி பஹ்மியாவைத் தவிர வெளியில் யாரும் அறியார். சென்ற வருடம் ஒரு காய்ச்சலில் யோகமலர் மருந்தைக் குடித்துவிட்டுப் பகல் ஏறும்வரை தூங்கிவிட்டார். போனில் சார்ஜ் இல்லை. மகன் சுமன் அங்கிருந்து அழைத்து அழைத்துப் பார்த்து, கடைசியில் தொடர்மாடிக் காவலாளியை எழுப்பி மேலே அனுப்பினான். அவர் கதவைத் தட்டி, நோனா உயிரோடு இருக்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். உள்ளேயிருந்து, இன்னும் போகவில்லை, சப்பாத்தைத் தேடுகிறேன் என்று யோகமலரும் சிங்களத்திலேயே சொன்னார். காவலாளி சிரித்தார். சுமன் சிரிக்கவில்லை.

"அம்மா, நீங்கள் தனிய இருந்தது காணும். இனி ஒருநாள் காலமை உங்கட சத்தம் இல்லையெண்டா, நான் வந்து கூட்டிக்கொண்டு போறன். பிளட்ஸ விப்பம்."

விசா அலுவல்கள் பாதிக்கு மேல் முடிந்துவிட்டன. வீட்டை வாங்க ஒரு ஆளும் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இனித் தடுத்துக்கொண்டிருப்பது அந்தக் காலைப் படம் மட்டும்தான்.

மெல்பனை அவர் குறை சொல்வதில்லை. இரண்டு முறை போய் வந்தவர். சுத்தமான ஊர், நல்ல மருமகள், குளிரூட்டிய பேரங்காடிகள். பஹ்மியா ஒருநாள் விடாமல் கேட்டபோதுதான் சொன்னார்: "அங்க நான் பின் சீற்றில இருக்கிற ஆள், பஹ்மியா. எங்க போறம் எண்டு ஏறினாப் பிறகுதான் தெரியும்." வெள்ளவத்தையில் அவருக்குக் காரும் இல்லை, சீற்றும் இல்லை. மூன்று மாடி இறங்கி, எந்தப் பக்கம் திரும்புவது என்பதை வாசலில் நின்று தீர்மானிப்பார். சில நாள் அதைத் தீர்மானிக்கவே வெகுநேரம் எடுத்துக்கொள்வார். அந்த நேரம் அவருக்குப் பிடித்தமானது.

பஹ்மியா, யோகமலர் இருக்கும் அதே ஒழுங்கையில் தையல் கடை வைத்திருப்பவர். மருதமுனைக்காரி. கணவர் இறந்தபின் கொழும்புக்கு வந்து, சேலைக்குச் சட்டை தைப்பதில் தொடங்கி இப்போது இரண்டு மெஷின்களுக்கு ஆள் வைத்திருக்கிறார். ஆடி மாதத்தில் ஊரில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. மலர் அக்கா வராமல் தான் போவதில்லை என்று கத்தரிக்கோலை மேசையில் போட்டுவிட்டார். யோகமலருக்கும் ஆசை இருந்தது. கல்யாணத்தைவிட, அந்த வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கிழக்குக் கடல் இருக்கிறது என்று பஹ்மியா சொன்னதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. இத்தனை உதயங்களைப் படம் எடுத்தவர், சூரியன் தண்ணீரிலிருந்து வருவதை ஒரு நாளும் பார்த்ததில்லை. பிறந்தது கொக்குவிலில், கடலிலிருந்து உள்ளே. வளர்ந்து வேலைக்கு வந்தது இந்தக் கரைக்கு.

மகனிடம் கேட்க முடியாது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் போவது என்ற பேச்சே விமான டிக்கெட்டில் போய் முடியும். வழியைக் கண்டுபிடித்தவர் பஹ்மியா. "படத்தை முன்னுக்கே எடுத்து வைங்க. அங்கயிருந்து ஒவ்வொண்டா விடுங்க. சட்டைக்குத் துணி வெட்டி வைக்கிற மாதிரித்தான்."

அடுத்த சில காலைகளில் மெரைன் டிரைவில் நடந்தவர்கள் ஒரு புதுமையைக் கண்டார்கள். மலர் அன்ரி வழக்கமான கல்லில் நிற்காமல், பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு படம், தெஹிவளைப் பக்கம் ஒரு படம் என்று அலைந்தார். ஒன்றில் கப்பல் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒன்றில் மேகம். மகன் சந்தேகப்படக் கூடாதே என்று ஒரு படத்தில் வேண்டுமென்றே தன் நிழலையும் விட்டார். திருட்டுத்தனம் செய்வது இவ்வளவு சுவையாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. காவலாளியிடம், களுபோவில ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், இரண்டு மூன்று நாள் அந்தப் பக்கம் தங்குவேன் என்று சொல்லிவிட்டு, பஹ்மியாவோடு புறக்கோட்டையில் பஸ் ஏறினார்.

மருதமுனையில் போய் இறங்கிய மறுநாள் விடியுமுன், கல்யாண வீடு தேங்காய் துருவும் சத்தத்தில் இருந்தபோது, இருவரும் கடலுக்கு நடந்தார்கள். இங்கே கடக்கத் தண்டவாளம் இல்லை. வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் காலம் அல்ல. தண்ணீர் மெதுவாகக் கிடந்தது. கரையில் வலை இழுத்து முடித்த சிலர் மீன்களைக் கூடையில் பிரித்துக்கொண்டிருந்தார்கள். யோகமலர் பழக்கத்தில் கடலைப் பார்த்து நின்றார். முதுகில் எந்தக் கட்டடமும் இல்லை என்பது அவருக்கு முதலில் ஒரு பாதுகாப்பின்மையாகவே இருந்தது.

பிறகு தண்ணீரின் விளிம்பில் ஒரு சிவந்த கீறல் விழுந்தது. அது தடித்தது. கவிழ்த்து வைத்த சட்டியின் அடிபோல் ஆனது. அவர் நினைத்ததுபோல் அது வட்டமாக வரவில்லை. தண்ணீரில் ஒட்டிக்கொண்டு, கீழ்ப்பக்கம் இழுபட்டு, பிய்த்துக்கொள்ளச் சிரமப்பட்டு வந்தது. கப்பல் இல்லை, நிழல் இல்லை, காத்திருப்பு இல்லை. வெளிச்சம் நேரே தண்ணீரில் கோடு போட்டுக்கொண்டு அவருடைய கால்வரை வந்து நின்றது. அவருடைய நிழல் பின்னால் எங்கோ கிடந்தது. படத்தைக் கெடுக்க ஒன்றுமே இல்லை. அவர் மூச்சைப் பிடித்து எடுத்தார். எடுத்த விரல், ஒவ்வொரு காலையும் செய்வதையே செய்தது.

'எழும்பிட்டன்.'

பஹ்மியாதான் முதலில் உணர்ந்தார். "மலரக்கா, எந்தப் படத்தை அனுப்பினீங்க?"

"இப்ப எடுத்ததைத்தான்."

"வெள்ளவத்தையில சூரியன் கடலுக்குள்ள இருந்தா வருது?"

யோகமலர் போனைப் பார்த்தார். அழிக்கலாம் என்று பஹ்மியா சொன்னார். எங்கே அழுத்துவது என்று இருவரும் தேடுவதற்குள் இரண்டு குறிகளும் நீலமாகிவிட்டன. சுமன் பார்த்துவிட்டான்.

நேற்று மாலை எடுத்த படம், மாறிப் போய்விட்டது என்று சொல்லச் சொன்னார் பஹ்மியா. யோகமலர் தலையை ஆட்டினார். மாலைச் சூரியனின் நிறம் வேறு. அந்தக் கடலில் கல் இருக்கும், இதில் வெறும் மணல். வேறு யாரையாவது ஏமாற்றலாம். "அவன் அந்தக் கரையில நண்டு பிடிச்சு வளந்தவன். கிரிக்கட் விளையாடி முடிச்சு, சூரியன் கடலுக்க போனாப் பிறகுதான் வீட்டை வருவான். அவனுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

மணலில் உட்கார்ந்தார். சால்வையை அவிழ்த்து மடியில் வைத்து மடித்தார், மறுபடி விரித்தார். சுவரைத் தட்டிப் பார்த்தவர் நினைவுக்கு வந்தார். எந்தப் பெட்டியில் எதை வைப்பது, சுவாமிப் படங்களை யாரிடம் கொடுப்பது என்றுகூட மனம் ஓடிவிட்டது. பொய் சொன்னதற்கு மகன் கோபப்பட்டால் பரவாயில்லை; கோபப்படாமல் மெதுவாகப் பேசினால்தான் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். அந்த மெதுவான குரலைத்தான் அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். போனில், அவன் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

வந்தது ஒரு பெருவிரல். அதன்கீழ்: 'நைஸ் அம்மா. வெயில் ஏற முதல் வீட்டை போங்கோ.'

பஹ்மியா அதை இரண்டு தடவை வாங்கி வாசித்தார். யோகமலர் இன்னொரு செய்தி வரும் என்று காத்திருந்தார். யோசித்துவிட்டு எழுதுவான், கூட்டம் ஒன்றில் இருப்பான், வெளியே வந்து அழைப்பான். போனின் வெளிச்சம் அணைந்தது. அவர் தொட்டு எழுப்பினார். மறுபடி அணைந்தது. மெல்பனில் அது வேலை நேரம். அலுவலகத்தில் அவனுடைய மேசைக்கு எதிரே இருக்கும் வெள்ளைச் சுவர்கூட அவருக்கு நினைவிருந்தது. ஒருதடவை வீடியோவில் காட்டியிருக்கிறான்.

"தப்பிட்டீங்க" என்றார் பஹ்மியா. "மகன் படத்தைச் சரியாப் பாக்கவே இல்ல. இனி ஆறு மாசம் இங்க இருந்தாலும் ஒண்டும் வராது."

"ஓம்" என்றார் யோகமலர். "வராது."

அவர் மேலும் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பெரிதாக்கினார், சூரியனின் கீழ்ப்பக்கம் தண்ணீரில் ஒட்டிக்கொண்டிருந்த இடம் தெரியும்வரை. கல்யாண வீட்டில் தேடுவார்கள் என்றார் பஹ்மியா. யோகமலர் எழுந்து, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டி, வீட்டுப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் நடந்தார்.

அங்கே ஒருவர் ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நடுத்தர வயது, இடுப்பில் உவர்நீரில் வெளுத்த சாரம். அவருக்குப் பின்னால் சூரியன் ஒரு பனை உயரத்துக்கு வந்திருந்தது.

"தம்பி, இதை ஒருக்காப் பாருங்கோ."

கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அவர் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குனிந்தார். வெயில் போனின் கண்ணாடியில் அடித்தது; அவருக்கு எதுவும் தெரியவில்லை. யோகமலர் போனை அவர் பக்கம் சரித்து, மற்றக் கையைக் குவித்து, படத்தின்மேல் நிழல் விழும்படி பிடித்தார்.