புளி கடிக்காத கொப்பரை

நான் நாலாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் பால் பண்ணை, சாயப்பட்டறை, ஊறுகாய் கம்பெனி என்று செங்கம் சுற்றுவட்டாரத்தில் நான் தொட்டி செய்து தராத இடம் இல்லை. ஒவ்வொன்றிலும் ‘தசரதன், செங்கம்’ என்று இரும்பு அச்சு வைத்து, சுத்தியால் என் பெயரை அடித்துவிடுவேன். அப்படிப்பட்ட என்னிடமே செய்ததைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்ன ஒரே ஆள் அம்மாக்கண்ணு. அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவன் கிடையாது.

அம்மாக்கண்ணுவுக்கு மலையில், ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு சிற்றூர். ஐம்பது வயது இருக்கும். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. புளியை நாக்கில் வைத்தால் எந்தச் சரிவில் நின்ற மரம் என்று சொல்லிவிடுவார். பதினோரு பெண்களைச் சேர்த்து, புளியை உப்புப் போட்டுக் காய்ச்சி ஓட்டல்களுக்கு அனுப்பத் தொடங்கினார். அதைக் காய்ச்சப் பெரிய எவர்சில்வர் கொப்பரை கேட்டு என்னிடம் வந்தார்.

தகட்டில் காந்தத்தை வைப்பேன். ஒட்டாவிட்டால் அசல் எவர்சில்வர். முப்பது வருடமாக எனக்கு அதுதான் பரிசோதனை. ஒட்டவில்லை. கொப்பரையைச் செய்து, பெயர் அடித்து, மலையேற்றினேன்.

இரண்டே மாதத்தில் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் உள்ளே ஊசி குத்தினாற்போல் புள்ளிகள். வெல்டிங் ஓரமெல்லாம் பழுப்பு. வெளியே, புளி பொங்கி வழிந்த இடத்தில், என் பெயரின் ஒவ்வொரு எழுத்திலும் துரு கசிந்தது. கறுத்துப்போன புளியை ஓட்டல்காரர் திருப்பி அனுப்பிவிட்டாராம். நான் விடவில்லை. காந்தத்தை எடுத்து, இப்போதும் ஒட்டவில்லை பாருங்கள் என்று காட்டினேன்.

“காந்தமா மேஸ்திரி புளி காச்சப் போவுது?” என்றார் அம்மாக்கண்ணு.

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சரியாகச் செய்து தராவிட்டால் வாரச் சந்தையில் என் பெயரைச் சொல்லப்போவதாகவும் சொன்னார். அந்தச் சந்தையில் சொன்னால் மலை முழுக்கச் சொன்ன மாதிரி. நான் சம்பாதித்ததெல்லாம் அந்தப் பெயர்தான்.

என்னிடம் உள்ள தகடுகளில் எல்லாம் விரலளவு வெட்டி வரச் சொன்னார். மலைப் பெண்கள் புதுப் பாத்திரத்தில் உப்புப் புளியை அப்பிவைத்துப் பார்ப்பது வழக்கம். அதையே இவர் ஜாடியில் செய்தார். உப்புப் புளிக் கரைசலில் துண்டுகளை நூல் கட்டித் தொங்கவிட்டார். எண் படிக்கத் தெரியாது என்பதால் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு கணக்கில் முடிச்சு. ஜாடியை அடுப்பின் சூட்டிலேயே வைத்தார். வெல்டிங் செய்த துண்டும் வேண்டும் என்றபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“என் கைவேலைக்குமா பரீட்சை?”

“ஒட்டு வுட்டுதுன்னா தகடு நல்லா இருந்து இன்னாத்துக்கு ஆவும்?”

ஆறு சந்தை, அதாவது ஆறு வாரம் கழித்து வெளியே எடுத்தோம். முதல் கொப்பரைக்குப் போட்ட மலிவுத் தகடு அம்மை வந்த முகமாக இருந்தது. நல்ல ரகம் என்று நான் அடித்துச் சொன்ன 304 நம்பர் எவர்சில்வரிலும் மூன்று புள்ளி. அதைவிட விலை கூடிய 316 மட்டும் கல்யாணச் சீர்ப் பாத்திரம் போலப் பளபளத்தது. அதில் இன்னொரு உலோகம் சேர்ப்பார்கள். அதன் பெயர் என் வாயில் நுழையாது. ஆனால் அதே 316-ல் வெல்டிங் செய்த துண்டு பழுப்பேறியிருந்தது. கைக்கு அகப்பட்ட வெல்டிங் ராடைப் போட்டு ஒட்டியிருந்தேன், தீய்ந்த கறுப்பையும் தேய்க்கவில்லை. அடுத்த முறை அதற்கே உரிய ராடால் ஒட்டி, கறுப்பு போகத் தேய்த்துக் கொடுத்தேன். மறுபடி ஆறு சந்தை. ஜெயித்தேன்.

புதுக் கொப்பரை மலையேறியது. நான் அச்சையும் சுத்தியையும் எடுத்தேன். அம்மாக்கண்ணு குறுக்கே வந்து நின்றார்.

“பேரு வேணாம் மேஸ்திரி. போன தபா புளி அதத்தான் மொதல்ல கடிச்சுது.”

இரும்பு அச்சு தகட்டில் இரும்பை விட்டுவிடும், துரு அங்கேதான் தொடங்கும். எனக்குத் தெரியாதா? ஆனாலும் பெயர் போடாமல் பஸ் ஏறமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். பெண்கள் கூடிப் பேசி, புளி காய்ச்சும் கொட்டகையின் கதவில் நீலப் பெயிண்டால் என் பெயரைப் பெரிதாக எழுதவைத்தார்கள்.

ஒன்றரை வருடம் ஆகிறது. கொப்பரையில் ஒரு புள்ளி இல்லை. என் பட்டறையிலும் இப்போது ஒரு புளி ஜாடி இருக்கிறது. அந்தக் கொட்டகைக் கதவு மட்டும் வேலை நேரம் முழுக்கத் திறந்தே கிடப்பதால் என் பெயர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து கதவைச் சாத்திவிட்டுப் படிக்கவும்.