அந்த ஒரு வரி

மைசூரில் நான் கன்னடத்தில் விவசாய நிகழ்ச்சி வாசித்த வானொலி மக்கள் வரிப்பணத்தில் ஓடியது. தொண்ணூறுகளில் அங்கும் விளம்பரம் நுழைந்தது.

ஒருநாள் பூச்சிமருந்து விளம்பரம் முடிந்த கையோடு, பட்டுப்புழுவுக்குப் போடும் மல்பெரி இலையில் பூச்சிமருந்து படக்கூடாது, பட்டால் புழு செத்துவிடும் என்று வாசித்தேன். மறுநாள், விளம்பரம் கொடுத்த கடைக்காரர் மண்டி மொஹல்லா கடைத்தெருவிலிருந்து நிலையத்துக்கே வந்து நின்றார். நம் தமிழர்தான்.

"காசு நான் குடுக்கறேன். அந்த ஒரு வரிய விட்டுடும்மா. கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடு!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"உங்க காசு விளம்பரத்தோட சரி, அண்ணா. புழு வளர்க்கறவங்க சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் கட்டற வரியிலதான் இந்த மைக்கே ஓடுது. அவங்க வரிய நான் விடமாட்டேன்."

அன்று மாலை அதே விளம்பரம் வந்தது. அதே வரியை இரண்டு முறை வாசித்தேன்.