பெரியப்பா கட்டிய பொட்டலங்கள்

எங்கள் குடும்பத்தில் அம்மனிடம் பூக் கேட்காமல் போர்வெல் கூடப் போட மாட்டார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் வாழையிலையில் மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் வைத்துவிட்டு, ஒன்றும் அறியாத சின்னப் பெண்ணை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. அந்த வருஷம் ஒன்றும் அறியாத பெண் நான்தான். மூன்றாம் வகுப்பு. 'ஒன்றும் அறியாத' என்றது ரோஷமாக இருந்தாலும், அம்மனே என் கையைப் பிடித்து எடுக்கிறாள் என்ற கர்வம் அதைச் சரிக்கட்டிவிட்டது.

கேட்க வேண்டியது அண்ணனின் கல்யாணத்தைப் பற்றி. அண்ணன் என்றால் பெரியப்பாவின் ஒரே மகன். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. அத்தை காவேரிப்பட்டினத்தில் பெண் பார்த்து, ஜாதகமும் பொருந்தி, பெண் வீட்டாரும் சரியென்றுவிட்டார்கள். அண்ணன் மட்டும் ஃபோனில் வேண்டாம், வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டால் லைன் கட்டாகிவிடும்.

"ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாப் பூடும்ண்ணா" என்று அத்தை பெரியப்பாவை அரித்தெடுத்தாள்.

நேரிலேயே கேட்டுவிடுவதென்று பெரியப்பா ஒரு கூடை மாம்பழத்தோடு ஓசூருக்குக் கிளம்பினார். பள்ளிக்கூடம் லீவு, நானும் தொற்றிக்கொண்டேன். கதவைத் திறந்தவர் அண்ணனோடு தங்கியிருந்த மைசூர்க்காரர். பெரியப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்பதைக் கன்னடம் கலந்து, "ஊட்டா ஆச்சா பாப்பா?" என்று என்னைக் கேட்டார். வீடு முழுக்கக் கொள்ளு ரச வாசனை. பெரியம்மா வைப்பது போலவே வருவதற்காக அண்ணனிடம் பக்குவம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாராம். பெரியப்பா இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரச்சொல்லி மைசூர்க்காரரோடு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது அண்ணன் சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். மீசை வைத்த ஆள் அப்படித் தேம்பி நான் பார்த்ததே இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"ஊருக்காக ஒரு பொண்ண ஏமாத்த என்னால ஆவாதுப்பா. எனக்கு இவந்தான். கடைசி வரைக்கும் இவங்கூடத்தான் இருப்பேன்."

அடச்சே, ரூமைக் காலி பண்ண மனசில்லாமல்தானா இவ்வளவு அழுகை என்று எனக்குத் தோன்றியது. கல்யாணம் பண்ணிக்கொண்டு மைசூர் அண்ணனையும் நம் வீட்டு மாடியிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது குந்தாரப்பள்ளியில் இறங்க வேண்டியவர்கள் கிருஷ்ணகிரி வரை போய்விட்டோம். தூங்கிட்டியா பெரியவரே என்று கண்டக்டர் சத்தம் போட்டார். பெரியப்பா வழியெல்லாம் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தோப்பிலேயே கிடந்தார். மூன்றாம் நாள் வந்து, "பூக் கேட்டுரலாம். ஆத்தா என்ன சொல்றாளோ அதான்" என்றார். அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரியப்பா அம்மன் சொல்லை மீறாதவர். செருப்புக் காலோடு கோயில் இருக்கும் தெருவில்கூட நடக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பொட்டலம் கட்டப் பூசாரி கையை நீட்டினார். "எம் புள்ள விசயம், நானே கட்றேன்" என்று பெரியப்பா பூவை வாங்கிக்கொண்டு சிலைக்குப் பின்பக்கம் போனார். பிறகு கற்பூரம் காட்டினார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பிரித்தால் சிவப்பு.

பெரியம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தை விடவில்லை. "மூணு தபா கேக்கணும்ண்ணா, அதான் மொற" என்றாள்.

"ஆத்தா ஒரு தபா சொன்னாப் பத்தாதா உனக்கு? வேணாம்னுட்டா. இனிமே எம் பையங்கிட்டக் கல்யாணப் பேச்சு எடுத்தீங்க, நான் மனுசனா இருக்க மாட்டேன்!"

அப்படி அவர் கத்திக் கேட்டதேயில்லை. இன்னொரு பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

மத்தியானம் அந்தச் சட்டை ஆணியில் தொங்கியது. மிட்டாய் இருக்குமா என்று பையைத் துழாவுவது என் வழக்கம். கையில் பொட்டலம் வந்தது, பிரித்தேன். அதிலும் சிவப்பு.

"பெரியப்பா, தப்பாக் கட்டிட்டீங்க! ரெண்டுலயுமே..."

எங்கிருந்தோ வந்து என் வாயைப் பொத்தினார். பக்கத்துச் சமையலறையில் அத்தையும் பெரியம்மாவும் இருந்தார்கள்.

"ஆமாங் கண்ணு, தப்பாத்தான் கட்டிட்டேன்" என்றார் மெதுவாக. "யாருகிட்டயும் சொல்லிறாத. உங்கண்ணன் நல்லா இருக்கணும்ல?"

ஐயோ பாவம், வெள்ளைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் கண் மங்கிவிட்டது போலிருக்கிறது என்று எனக்கு ஒரே துக்கம். கண் தெரியாதவர் என்று ஊர் சிரித்துவிடக் கூடாதே என்றுதான் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அத்தை பொரிவிளங்காய் உருண்டை வாங்கிக் கொடுத்து, எடுக்கும்போது கண்ணைத் திறந்தாயா என்று துருவினாள். அசையவில்லையே நான்.

அடுத்த வாரம் பெரியப்பா அந்த அம்மனுக்கே மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். மகன் தோஷம் தீர என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கண்ணுக்கான வேண்டுதல் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்! தனியாகக் கூட்டிப்போய் மூன்று விரலைக் காட்டி, எத்தனை என்று கேட்டேன். மூணு என்று சரியாகச் சொன்னார். அம்மன் கண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று கைதட்டிக் குதித்தேன். வாழ்நாளெல்லாம் பயந்து கும்பிட்ட ஆத்தாளிடம் மகனுக்காகத் தெரிந்தே பொய் சொன்ன மனுஷன், சந்தனம் பூசிய தலையைக் குனிந்துகொண்டு என் முன்னால் நின்றார். சிவப்பு எது, வெள்ளை எது என்று அவருக்கு எப்போதுமே நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அன்றைக்கு ஒன்றுமே கண்ணில் படவில்லை.